உன்னை மறுபடி மரமேற்றிய மிஷின்

மச்சான்,

இன்று காலை எங்கள் தெருவுக்கு மரம் வெட்டுகிற ஆட்கள் வந்திருந்தார்கள். நான் இப்போது கொரட்டூரில் மகள் வீட்டில் இருக்கிறேன், மூன்றாவது மாடி. பால்கனிக்குக் கீழே ஒரு புங்க மரம் நிற்கிறது. அதன் கிளை கரண்ட் கம்பியில் உரசுகிறதென்று யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே ஒரு சின்ன இன்ஜின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக அந்தப் புகை ஏறி வந்தது. பெட்ரோலும் ஆயிலும் கலந்து எரிகிற நீலப் புகை. பழைய வாசனை வந்தால் மனசு இளகும் என்பார்கள். எனக்கு வந்தது ஆத்திரம். பேப்பரை மடித்துக் கீழே போட்டேன்.

"ஜன்னலச் சாத்தட்டுமா அத்தா?" என்றாள் மகள். வேண்டாம் என்று எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர். ஒருவன் கையில் நீளக் குழாய், அதன் நுனியில் ரம்பச் செயின், அடியில் இன்ஜின். உன்னுடைய அதே ஜாதி மிஷின்தான், நிறம் மட்டும் வேறு. பாதிக் கிளை அறுபட்டபோது அது நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தான், இழுத்தான், வரவில்லை. "சூடாயிடுச்சி, ஆறட்டும்" என்று பீடி பற்ற வைத்தான். கூட வந்தவன் இடுப்பில் கை வைத்து மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். "மேல ஏறாதப்பா" என்று மூன்றாவது மாடியிலிருந்து கத்தினேன். அவன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். "நாங்க இன்னாத்துக்கு ஏறப் போறோம் பெரியவரே" என்றான்.

ஏறவில்லை. மிஷின் ஆறியது, ஓடியது, கிளை விழுந்தது, அவர்கள் போய்விட்டார்கள். எனக்குத்தான் அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. உன் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம்கூடக் குறையாமல் அப்படியே இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

*

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லியில் என் ஒர்க் ஷாப் இருந்தது உனக்கு நினைவிருக்கும். பூந்தோட்டங்களுக்கு மருந்தடிக்கிற மிஷின், தண்ணீர் இறைக்கிற மோட்டார் என்று சின்ன இன்ஜின்களை மட்டும் பார்ப்பேன். கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதன் மேல் பக்கத்து வீட்டு வாதாம் மரக் கிளை ஒன்று சாய்ந்து கிடந்தது. காற்றடித்தால் அதன் அடியில் உட்கார்ந்து வேலை பார்க்க மாட்டேன். யாரோ சொல்லி, வெள்ளானூரிலிருந்து நீ வந்தாய். ஒரு வடக்கயிறு, ஒரு கொடுவாள், ஒரு கைரம்பம். கூட யாருமில்லை.

"இத்த எறக்குறப்ப ஷீட் ஒடஞ்சா யாரு பொறுப்பு?" என்று கேட்டேன்.

"ஒடஞ்சா நீ சொல்லு, அப்பால பேசிக்கலாம்" என்று ஏறிவிட்டாய்.

அன்று நான் வேலை எதுவும் செய்யவில்லை. கீழே நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளையைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, மேலிருந்தே தொட்டில் குழந்தையை இறக்குவது மாதிரி இறக்கினாய். ஒரு ஷீட்டில்கூடக் கீறல் இல்லை. இறங்கி வந்து என் குடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு, அங்கே பிரித்துக் கிடந்த இன்ஜினைப் பார்த்து, "இதுல எது மாமே உசுரு?" என்று கேட்டாய். பிளக்கைக் காட்டினேன். "இம்மாத்தூண்டா" என்றாய். சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் பூந்தமல்லி பக்கம் வேலை இருந்தால் மத்தியானச் சாப்பாடு என் கடையில்தான். உன் மனைவி தனம் அப்போதே அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் சட்டை தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கட்டிக் கொடுத்த சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளுவாய்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு தூங்குமூஞ்சி மரத்திலிருந்து விழுந்தாய். கிளை உள்ளே உளுத்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஒரு கால் குட்டையாகிப்போனது. உன்னை வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசலோடு சரி, திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய டாக்டர் உன்னிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "இனிமே மரம் ஏறின, அடுத்த தடவை என்கிட்ட வர மாட்ட." தனம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ தலையாட்டினாய்.

ஒரு வருஷம் நீ வீட்டில் கிடந்த கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாட்ச்மேன் வேலை பார்த்தாய், ஒரு மாதம் தாங்கவில்லை. "சொம்மா குந்திகினு கேட்டப் பாத்துகினு இருக்க என்னால ஆவாது" என்றாய். அப்போதுதான் எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டு என் கடைக்கு ஓடி வந்தாய். குட்டைக் காலோடு உண்மையிலேயே ஓடி வந்தாய்.

"மாமே, கம்பு மிஷின்னு ஒண்ணு வந்துகீதாம். பெட்ரோல்ல ஓடுதாம். தரைல நின்னுகினே மேல கீற கிளைய அறுக்கலாமாம். ஏறவே வாணாம்."

உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதனால்தான் அந்த மிஷின்மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

*

எங்கள் பக்கத்தில் அப்போது வாங்குகிற நிலையில் இரண்டே இரண்டு கம்பு மிஷின்கள் இருந்தன. ஒன்று பூந்தமல்லிக்கு வெளியே ஒரு நர்சரிக்காரரிடம். வெளிநாட்டுப் பழசு. நர்சரியை மூடப் போகிறார் என்று சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். இன்னொன்று அம்பத்தூரில் புதிதாகத் திறந்த ஷோரூமில், இங்கேயே பாகங்களைப் பூட்டி விற்கிற புது மிஷின். விலையில் பெரிய வித்தியாசமில்லை. "ரெண்டயும் நீ பாத்து சொல்லு, நீ சொல்றத வாங்கறேன்" என்றாய். இந்த வார்த்தையை நீதான் சொன்னாய் மச்சான். நான் மறக்கவில்லை.

நர்சரிக்கு முதலில் போனோம். பழைய மிஷினில் பெயின்ட் முழுக்க உரிந்திருந்தது. கைப்பிடியில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். தூக்கினால் தோள் இறங்கும். கயிற்றை நாலைந்து தரம் இழுத்தால்தான் இருமிக்கொண்டே எழுந்தது. ஆனால் எழுந்தபின் நிற்கவில்லை. ஒரு டேங்க் தீரும்வரை பட்ட வேலிக்காத்தான் மரம் ஒன்றை அறுத்தேன். பழுக்கச் சூடானபின் வேண்டுமென்றே நிறுத்தி, உடனே இழுத்தேன். வந்தது. மறுபடி நிறுத்தி இழுத்தேன். வந்தது. செயினுக்கு எண்ணெய் ஒழுங்காகச் சொட்டியது. இன்ஜின் சுழற்சியைச் செயினுக்குக் கொண்டுபோகக் குழாயின் உள்ளே ஓடுகிற கம்பியில் ஆட்டமில்லை. அசிங்கமான, நம்பகமான சாமான்.

அந்த நேரம் முழுக்க நீ எங்கே இருந்தாய்? கேட்டுக்கு வெளியே. நர்சரிக்காரர் என்னை உள்ளே விட்டார், உன்னை விடவில்லை. "பாய், நீ வந்து பாரு. அவன அங்கயே நிக்கச் சொல்லு. செடிகொடிய மிதிச்சி வெப்பானுங்க" என்றார். வாங்கப் போவது அவன்தான், ஓட்டப் போவதும் அவன்தான் என்றேன். "வாங்கட்டும், கேட்லயே குடுத்துடறேன்" என்றார். உன் அப்பா, தாத்தா எல்லாம் எந்த நிலத்தில் கூலிக்கு நின்றார்கள் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கில் உன்னையும் நிறுத்தினார். வெயிலில் கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, நீ வாங்கப் போகிற மிஷினைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த மனுஷன் செத்து ரொம்ப நாளாகிறது. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

திரும்பும்போது மொபெட்டில் என் பின்னால் உட்கார்ந்து, கரையான்சாவடி தாண்டியதும், "நாளைக்கு அந்த ஷோரூமுக்குப் போலாம் மாமே" என்றாய்.

மறுநாள் ஷோரூம். கண்ணாடிக் கதவு. "வாங்க சார், உக்காருங்க சார்" என்று முதலாளியே எழுந்து வந்து உனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். உன் காலைப் பார்த்துவிட்டு, "உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் சார் இந்த மிஷினே" என்றார். பின்பக்கம் ஒரு கட்டையை உயரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். ஒரே இழுப்பில் மிஷின் ஓடியது. கட்டை வெண்ணெய் மாதிரி அறுந்தது. உடனே நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் பெயின்ட் பளபளத்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை.

"கொஞ்ச நேரம் விடாம ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"புது மிஷின் பாய். இப்பவே சூடு பண்ணா உள்ள தேஞ்சிடும். நம்ம கேரண்டி இருக்கு, நீங்க ஏன் பயப்படறீங்க?"

கேட்டதற்கு நீ என்னை முறைத்தாய். மரியாதை கொடுக்கிற மனுஷனை நான் அவமானப்படுத்திவிட்ட மாதிரி.

வெளியே வந்ததும் பழசை வாங்கு என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். புதுசில் காயிலை வைத்திருக்கிற இடம் எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். பிளக்குக்குப் பொறி அனுப்புகிற சாமான் அது; இன்ஜின் சூடு நேராக அடிக்கிற இடத்தில் வைத்திருந்தார்கள். நீ கேட்கவில்லை.

"அவன் என்னிய கேட்டாண்டயே நிக்க வெச்சான். இவன் சேர் போட்டு குந்த வெச்சான். நீயே சொல்லு மச்சான், யார்கிட்ட துட்டக் குடுக்கறது?"

  நல்ல மிஷின் வைத்திருந்தவனிடம் மரியாதை இல்லை. மரியாதை வைத்திருந்தவனிடம் நல்ல மிஷின் இல்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உன்னை நிறுத்திய உலகத்தை என்ன சொல்லித் திட்டுவது?

*

முதல் மாதம் நீ ராஜா. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி என்று வேலை வந்துகொண்டே இருந்தது. மிஷினைப் பார்க்கவே கூட்டம் கூடியது. சின்னச் சின்னக் கிளைகள், காலை வேளை வேலைகள். தனம் என் கடைக்கு வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போனாள். "இனிமே அவரு மேல பாத்துதான் வேல செய்யணும், நான் மேல பாக்க வேணாம்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சொன்னது பொய்யாகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

வெயில் காலம் வந்தது. பெரிய கிளைகள் வந்தன. மிஷின் தன் குணத்தைக் காட்டியது. காலையில் ஒரே இழுப்பில் ஓடும். முக்கால் மணி நேரம் விடாமல் அறுத்தால் தானாக நின்றுவிடும். அப்புறம் யார் இழுத்தாலும் வராது. ஒரு மணி நேரம் ஆறப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். நான் பயந்த காயில்தான். அதோடு விட்டதா? செயினுக்கு எண்ணெய் சொட்டுகிற துளை ஊசிக்கண் மாதிரி. மரத்தூள் பட்டால் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் இல்லாமல் செயின் காய்ந்து, தளர்ந்து, பாதி அறுப்பில் கழன்று தொங்கும். கொஞ்ச நாளில் குழாய்க்குள் ஓடுகிற கம்பியின் பல் மழுங்கியது. இன்ஜின் கீழே கத்தும், செயின் மேலே சும்மா இருக்கும்.

நான் மொபெட் காயில் ஒன்றைத் தள்ளி வைத்துப் பூட்டினேன். சூட்டில் நிற்பது முழுசாகப் போகாவிட்டாலும் குறைந்தது. அதனால் இன்னும் அதிக நேரம் ஓடியது, அதனால் கம்பியின் பல் இன்னும் சீக்கிரம் போனது. ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது. அந்தப் பல் வெளியே எங்கேயும் கிடைக்காது. ஷோரூமில் கேட்டால், "ஆர்டர் போட்டிருக்கோம் சார்." எப்போதும் சார். எப்போதும் நாற்காலி. நீ பெட்ரோலில் ஆயில் சரியாகக் கலக்கவில்லை. பங்க் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள். பாய் கை வைத்ததால் கேரண்டி போயிற்று என்பார்கள். ஒவ்வொரு தரமும் ஒரு காரணம். மிஷின்மேல் மட்டும் தப்பே கிடையாது.

ஒரே ஒரு நாளை மட்டும் நான் சந்தோஷமாக நினைப்பதுண்டு. வழக்கமாக மிஷினை எடுத்துக்கொண்டு போய் ஷோரூமில் காட்டுவோம். அங்கே போகிற நேரத்தில் ஆறியிருக்கும், அவர் ஆள் ஒரே இழுப்பில் ஓட்டிக் காட்டிச் சிரிப்பான். அன்று நீ உள்ளே போகவில்லை. வாசலில் நின்று மிஷினை ஓட்டினாய். நிறுத்தவில்லை. வாங்க வந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். முதலாளி வெளியே வந்து, "சார், உள்ள வாங்க, கூல்டிரிங்க் சாப்டுங்க" என்றார். நீ அசையவில்லை. தானாக நிற்கும்வரை ஓட்டினாய். நின்றதும் அவர் கையில் கொடுத்தாய்.

"இப்ப நீ இஸ்து பாரு சார்."

இழுத்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டும்வரை இழுத்தார். அவர் ஆள் இழுத்தான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நீ கையைக் கட்டிக்கொண்டு குட்டைக் காலைச் சற்றுத் தூக்கி நின்றாய். "இது ஊட்டுக்குள்ள வெச்சிப் பூஜ பண்ற மிஷினு சார், மரத்துக்கு ஆவாது" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வெட்கமே இல்லை. அங்கேயே வேறொரு மிஷின் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதே மஞ்சள், அதே காயில், அதே பல். "பணத்தக் குடுத்துடுங்க" என்று நான் கத்தினேன். நீ என் தோளைப் பிடித்தாய். "உடு மச்சான். மனுசன் மாத்திக் குடுத்துட்டாரு."

மரியாதையாகப் பேசிவிட்டால் உனக்குப் போதும். அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது.

*

இரண்டாவது மிஷின் முதல் மிஷினைவிடச் சீக்கிரம் படுத்தது. அது நின்றால் பார்க்கவென்றே சில பெரிய வேலைகளுக்கு நானும் கடையைச் சாத்திவிட்டு உன்னோடு வர ஆரம்பித்தேன். அம்பத்தூரில் அந்த மாடி வீடு. தூங்குமூஞ்சி மரக் கிளை, வாசலுக்கு நேர் மேலே. பாதிக்கு மேல் அறுத்தபின் செயின் நின்றுவிட்டது. கம்பியின் பல்தான். அங்கே வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கிளை முறிந்தும் முறியாமலும் தொங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுப் பிள்ளைகள் வருகிற நேரம். வீட்டுக்காரர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே, "மிஷின்னு சொல்லித்தானப்பா கூப்ட்டோம்" என்றார்.

நீ மரத்தை அண்ணாந்து பார்த்தாய்.

"வேணாம்" என்றேன். "ஆள் கூட்டியாரேன். அரை மணி இரு."

"கிளை இருக்குமா அரை மணி?"

வடக்கயிற்றைத் தோளில் போட்டாய். அந்தக் கயிறு உன் பைக்குள் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது எனக்கு. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தனத்தின் பேரைச் சொன்னேன். உன் சட்டையைப் பிடித்தேன். பிடுங்கிக்கொண்டு ஏறினாய். குட்டைக் காலைத் தூக்கி வைக்க முடியாமல், கையாலேயே உடம்பை இழுத்து இழுத்து ஏறினாய். கிளையைக் கட்டி, அறுத்து, இறக்கினாய். ஒரு இலைகூட வாசலில் விழவில்லை.

கீழே வந்து என்ன செய்தாய் தெரியுமா? சிரித்தாய். வேர்வை வழிய, மூச்சு வாங்க, நீ விழுந்ததிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

"மேல போனா கால் வலியே தெர்ல மாமே."

மச்சான், மிஷின் விற்றவனை நான் திட்டுகிறேன், நர்சரிக்காரனைத் திட்டுகிறேன். ஆனால் எனக்கு ஆறவே ஆறாத கோபம் அந்தச் சிரிப்பின் மேல்தான். உன் கால் பூமியில் நிற்கவேண்டுமென்று நானும் தனமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம். நீ மேலே போய்ச் சந்தோஷமாக இருந்துவிட்டு வந்தாய்.

அதற்கப்புறம் உன்னை யார் நிறுத்த முடிந்தது? மிஷினைத் தூக்கிக்கொண்டு போவாய், அது நிற்கிறவரை ஓட்டுவாய், நின்றதும் ஓரமாகச் சாத்திவிட்டு ஏறுவாய். தனத்திடம் மிஷினில்தான் வெட்டுகிறேன் என்றாய். அவள் உன் உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? "அந்தப் பழைய மிஷின் இன்னும் யாராவது வெச்சிருப்பாங்க, தேடிப் பாக்கறேன், கொஞ்சம் பொறு" என்று ஒருநாள் சொன்னேன். "மிஷின நம்பி அண்ணாந்துகினு நின்னா ஊரே பாத்து சிரிக்குது மச்சான். மேல போய்ட்டா எவனும் சிரிக்க மாட்டான்" என்றாய். கடையில் இருந்த ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். நீ நிதானமாக அதை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாய்.

ஆடி மாதக் காற்றில், ஆவடியில் ஒரு வேப்ப மரத்திலிருந்து விழுந்தாய். பெரிய மரம்கூட இல்லை. பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது உன்னை ஆஸ்பத்திரியில் துணி போட்டு மூடியிருந்தார்கள். தனம் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வேப்ப மரத்தடிக்குப் போய் உன் சாமான்களை நான்தான் எடுத்து வந்தேன். மஞ்சள் மிஷின் மதில்மேல் சாத்தியிருந்தது. வெயிலில் நின்றதால் தொட முடியாத சூடு.

சுடுகாட்டில் எல்லாரும் ஒரே வார்த்தை. விதி. மரமேறுகிறவன் மரத்தில்தான் போவான். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கண்ணாடிக் கதவும் மஞ்சள் பெயின்டும் எதற்கு?

*

இனிமேல் நடந்தது உனக்குத் தெரியாது.

நீ போய்ச் சில மாதம் கழித்து, மருந்தடிக்கிற மிஷினை ரிப்பேருக்குக் கொண்டுவந்த ஒருவர் என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார். கம்பு மிஷின் விசாரிக்க அந்த ஷோரூமுக்குப் போனாராம். முதலாளி அவரிடம் ஒரு கதை சொன்னாராம். நம்மிடம் மிஷின் வாங்கிய ஒரு ஆள், அதை ஓரமாக வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் மரமேறி விழுந்து செத்தான் சார், மிஷினை ஓட்டியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பான் சார் என்று.

கை கழுவாமல் அப்படியே கிளம்பிப் போனேன். அவர் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"என் சிநேகிதன் சாவ வெச்சி வியாபாரம் பண்றியா நீ?" என்றேன்.

"பாய், உங்க சிநேகிதர்னு பேர் சொன்னனா? வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நான் சொன்னதுல பொய் இருக்கா? மிஷின் இருந்துச்சா, இல்லயா? அவரு ஏறினாரா, இல்லயா?"

இருந்தது. ஏறினாய். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அங்கே மிஷின் வாங்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காயில், எண்ணெய்த் துளை, மழுங்குகிற பல், சூடு, எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். "நமக்கு ரெண்டு தென்ன, ஒரு மாமரம்தான் பாய், இவ்ளோ எல்லாம் ஓட்ட மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் பில் போடச் சொன்னார். நான் வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு தோல்வியை நான் அதற்குமுன்னும் அதற்குப்பின்னும் பட்டதில்லை.

அப்புறம் ஒருநாள் தனம் சொல்லி அனுப்பினாள். வெள்ளானூர் வீட்டுக்குப் போனேன். பட்டாபிராம் பக்கத்திலிருந்து மரம் வெட்டுகிற ஆள் ஒருவர் வந்திருந்தார். உன் வயசுதான் இருக்கும். உன் மிஷின் சும்மா கிடக்கிறதென்று கேள்விப்பட்டு விலைக்குக் கேட்டு வந்திருக்கிறார். வாசலில் மிஷின் இருந்தது. வீட்டில் அப்போது என்ன நிலைமை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. அந்த ஆள் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் ஓடியது. அவர் முகம் மலர்ந்தது.

தனம் என்னைப் பார்த்தாள்.

"நல்லா ஓடுமா பாய் இது?"

"காலைல ஓடும்" என்றேன்.

"மத்தியானம்?"

"ஓடாது."

அவள் அந்த ஆள் பக்கம் திரும்பினாள். "உனுக்குப் பொண்டாட்டி கீறாளாப்பா?"

"கீறாம்மா."

"அப்ப இது உனுக்கு வாணாம். ஊட்டுக்குப் போ."

அவர் விலையை ஏற்றிக் கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். நானும் அவளும் அங்கேயே உட்கார்ந்து மிஷினைப் பிரித்தோம். ஒவ்வொரு சாமானையும் கழற்றிக் கழற்றி நான் சுத்தியலால் அடித்தேன், இன்னொருவன் எடுத்துப் பூட்ட முடியாதபடி. அவள் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். இரண்டு பேரும் அழவில்லை.

கிளம்பும்போது கேட்டாள். "அவரு மேல இன்னும் கோவமாத்தான் கீறீங்களா பாய்?"

பொய் சொல்ல வரவில்லை. ஆமாம் என்றேன். பள்ளிவாசலில் ஹஜரத் விடச் சொல்கிறார், வீட்டில் விடச் சொல்கிறார்கள், என்னால் விட முடியவில்லை என்றேன்.

"உடாதீங்க" என்றாள். "எனுக்கும் அப்டிதான் கீது. அழுது முடிச்சிட்டா மனுசன் பூடுவாரு. கோவமா இருந்தா கூடவே இருக்காரு, காலைலேந்து சண்ட போட்டுகினு."

விடவில்லை மச்சான். மற்றவர்களெல்லாம் உன்னை நினைத்து வருத்தப்பட்டு முடித்துவிட்டார்கள். நான் இன்னும் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.